தறிச் சத்தத்தில் பார்த்த மாப்பிள்ளை

விசாரிக்கத்தானே வந்திருக்கிறீர்கள்? மறைக்க வேண்டாம். சலூன்காரன் உங்களை என் பக்கம் கை காட்டியபோதே தெரிந்துவிட்டது. சலவை வேட்டி, புதுச் செருப்பு, கையில் ஒரு பை, பைக்குள் ஒன்றும் இல்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவன் எல்லாம் இப்படித்தான் வருவான். உட்காருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், இங்கே எதிரில் உட்காருங்கள். பேசுகிறவன் முகத்தை நான் பார்த்தாக வேண்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுகிறவனை நான் நம்புவதே இல்லை.

எந்த ஊர்? கொஞ்சம் வாயைத் திறந்து சொல்லுங்கள். இந்தக் காலத்தில் எவனுக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. எல்லாம் முணுமுணுப்பு. என் வீட்டுக்காரியே முணுமுணுக்கிறாள். கரூரா? நல்லது.

வையாபுரியின் சின்ன மகன் ரகுபதியைத்தானே விசாரிக்கிறீர்கள்? நீங்கள் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். அந்த வீட்டு மூத்தவன் பூபதி இருக்கிறானே, அவன் என் மகள் மேகலாவைக் கட்டியவன். ஆமாம், நான் அவனுக்கு மாமனார். அங்கமுத்து. எழுந்திருக்காதீர்கள். சம்பந்தி வீடு என்பதால் புகழ்ந்து தள்ளுவேன் என்று நினைத்தீர்களா? அந்த வீட்டிலிருந்து என் மகளைத் திரும்பக் கூட்டிவர நான் பட்ட பாடு இந்தப் பள்ளிபாளையத்துக்கே தெரியும். சலூன்காரனுக்கும் தெரியும். தெரிந்துதான் உங்களை என்னிடம் அனுப்பியிருக்கிறான். கொழுப்பு. அவன் சிரிப்பதைப் பாருங்கள். கத்தியைப் பார்த்துச் சிரையடா.

சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்தவன் திக்குவாய். திக்குவாயை நல்ல வாய் என்று காட்டி என் தலையில் கட்டினார்கள். எப்படிக் காட்டினார்கள் என்று கேளுங்கள்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் தறிதான். தறிக்காரனுக்குச் சில விஷயம் தெரியும். மாப்பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. வீட்டில் எல்லா மாப்பிள்ளையும் ஒன்றுபோலத்தான் இருப்பான். குளித்து, பவுடர் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு, கேட்டதற்கு 'ம்' என்பான். வேலை செய்யும் இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே எவனாலும் வேஷம் போட முடியாது. இது நானே கண்டுபிடித்த முறை. சொந்தக்காரர்களில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

வையாபுரி போன் செய்தான். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்துருங்க சம்மந்தி, அன்னிக்குத் தறி லீவு, சாவகாசமாப் பேசலாம்" என்று சொன்னதாக என் வீட்டுக்காரி சொன்னாள். போனை அவள்தான் எடுத்தாள். சாவகாசமாக! பார்த்தீர்களா தந்திரத்தை? நான் ஞாயிற்றுக்கிழமை போவேனா? புதன்கிழமை போனேன். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், நேராகத் தறிக்கூடத்துக்குள் போய் நின்றேன்.

நீங்கள் விசைத்தறிக் கூடத்துக்குள் போயிருக்கிறீர்களா? அங்கே வெளியாட்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நாங்கள் பொத்த மாட்டோம். எங்களுக்கு உதடு போதும். அந்தக் கடைசித் தறியில் நிற்கிறவன் 'பாவு நூல் தீர்ந்துவிட்டது' என்றால் இந்தக் கடைசியில் நிற்கிற நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். உதடு படிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பூபதி தறிகளுக்கு நடுவில் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வந்தான். பேசினான். உதடு அப்படி ஓடியது, வாய்க்கால் தண்ணீர் மாதிரி. "வாங்க மாமா, நீங்க வர்றது தெரியாதுங்களே, தெரிஞ்சிருந்தா வண்டியெடுத்துட்டு வந்திருப்பனே, தண்ணி குடிக்கறீங்களா" என்று ஒரே மூச்சில் சொன்னான். எத்தனை தறி, எந்த ரகம், யாருக்குப் போகிறது, தறிக்கு எத்தனை ஆள் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதற்கும் தயங்கவில்லை. பக்கத்துத் தறி ஆளை அதட்டினான். அதட்டுகிற வாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு குறையும் இல்லை. நான் மனசுக்குள் முடித்துவிட்டேன். இவன்தான் மாப்பிள்ளை.

அப்போது வையாபுரி ஓடி வந்தான். வந்தவன் என் தோளில் கையைப் போட்டு, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவோ சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். தறிக்கூடத்தில் ஒரு பெரிய மனுஷன் காதில் வாய் வைத்துப் பேசினால் தலையாட்டுவதுதான் மரியாதை. நான் தலையாட்டினேன். சொல்லி முடித்ததும் அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. பஞ்சுத் தூசி என்று நினைத்தேன்.

இப்போது அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். 'பையனுக்கு அமைதியான எடத்துல பேச்சு திக்கும் சம்மந்தி, இந்தத் தறிச் சத்தத்துல மட்டும்தான் இப்படிப் பேசுவான், இதைக் கேட்டுட்டு வேண்டாம்னாலும் எங்களுக்கு வருத்தமில்ல' என்று என் காதிலேயே சொன்னானாம். நான் தலையாட்டினேனாம். சொன்னானாம்! நான் கேட்டேனா? கேட்கவில்லை. நான் கேட்காததை அவன் சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? சொல்கிறவன் முகத்துக்கு நேராக வந்து சொல்ல வேண்டாமா? காதுக்குள் என்ன ரகசியம்? திருடன்தான் காதில் பேசுவான்.

கல்யாணம் நடந்தது. நாதஸ்வரம், மேளம், போதாததற்கு மண்டபத்துக்காரன் கட்டிய பாட்டுப் பெட்டி. அந்த இரைச்சலில் மாப்பிள்ளை எல்லோரிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தான். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மறுவீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுச் சுவரை ஒட்டியே பக்கத்துவீட்டுக்காரனின் தறி ஓடுகிறது. கறிச்சாப்பாடு. வாழை இலை போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்திருக்கிறோம். என் மைத்துனன், பெரியம்மா மகன் என்று நாலைந்து பேர் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். நடுச் சாப்பாட்டில் கரண்ட் போய்விட்டது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் தெருவே செத்துப்போன மாதிரி ஆகிவிடும். எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்றுவிடும். மாப்பிள்ளை ரசம் கேட்க வாயைத் திறந்தான்.

வாய் திறந்தது, மூடவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். தாடை கிடந்து வெட்டியது. "ர... ர... ர..." கழுத்து நரம்பு புடைத்து வெளியே வந்துவிட்டது. எனக்கு முதலில் விக்கல் என்று தோன்றியது. தண்ணீரை நீட்டினேன். தண்ணீர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மறுபடியும் "ர... ர..."

நான் சிரித்துவிட்டேன். யார்தான் சிரிக்க மாட்டார்கள்? "என்ன மாப்ளே, ரசம் கேக்கறீங்களா, ரயிலு உடறீங்களா?" என்றேன். என் மைத்துனன் இலையில் துப்பிவிட்டான், அவ்வளவு சிரிப்பு. பிறகு நானும் ஒருமுறை அதே மாதிரி செய்து காட்டினேன். தமாஷுக்குத்தான். மாமன் மாப்பிள்ளைக்குள் இதுகூட இல்லை என்றால் என்ன உறவு? மேகலா ரசத்தைக் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெற்ற அப்பனைப் பார்க்கிற பார்வையா அது?

அப்புறம்தான் தெரிந்தது. அவளுக்கு முன்பே தெரியுமாம். நிச்சயம் முடிந்ததிலிருந்து இருவரும் போனில் பேசியிருக்கிறார்கள். "தெரிஞ்சு ஏண்டி என்றகிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னேன்ப்பா. நீங்க நூல் பிரிச்சிட்டிருந்தீங்க. பின்னால நின்னு சொன்னேன். சரின்னீங்க" என்றாள். பின்னால் நின்று சொன்னாளாம்! அந்த வீட்டுப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்பே இவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்: "வள்ளியாத்தா, இது ஏமாத்து. இந்தக் கல்யாணத்தை முறிச்சுப் புள்ளயக் கூட்டியாரப் போறேன்."

அவள் என்னவோ முணுமுணுத்தாள்.

"என்ன?" என்றேன்.

"அவளுக்குப் புடிச்சிருக்குதுங்க. நல்லா வச்சிருக்கறான். குடியில்ல, கையோங்கறதில்ல. வாய் திக்குனா என்ன, கையா திக்குது? தறி ஓட்டறவனுக்குக் கைதான வேணும்" என்று கத்தினாள். இவளும் கத்தித்தான் பேசுவாள், இல்லையென்றால் முணுமுணுப்பாள். நடுவில் ஒரு பேச்சு கிடையாது அந்த வாய்க்கு.

என் மகளின் மாப்பிள்ளை ஊர் நடுவில் நின்று ஒரு வார்த்தை பேச முடியாமல் ஆடுகிறான் என்றால் அது யாருக்குக் கேவலம்? அவனுக்கா? அங்கமுத்துக்குத்தான். 'அங்கமுத்து ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்தான், தன் மகளுக்கு மட்டும் கோட்டை விட்டான்' என்று இந்தச் சலூனிலேயே பேசியிருக்கிறார்கள். நான் கண்ணாடியில் அவர்கள் உதட்டைப் பார்த்தேன்.

பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் ஒரு பெண் இருக்கிறாள், பெனிட்டா என்று பெயர். பேச்சுக்கும் காதுக்கும் வைத்தியம் பார்க்கிறாளாம். பூபதி அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தான். மேகலா ஒருநாள் வந்து என்னைக் கூப்பிட்டாள். "நீங்களே வந்து அவுங்ககிட்டக் கேளுங்கப்பா. அதுக்கப்புறமும் நீங்க இப்படியே பேசுனீங்கன்னா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்." போனேன். எதற்குப் போனேன்? அந்த வைத்தியக்காரி வாயாலேயே இவனுக்கு மூளை சரியில்லை என்று சொல்ல வைத்துவிட்டால் போதும், பெரியவர்கள் முன்னால் வேறு சாட்சியே வேண்டாம்.

சின்னப் பெண். என் மகளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். அவள் வைத்தியமா பார்க்கப்போகிறாள்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், முகத்தை நேராகப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பேசினாள். யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

"நாம பேசறப்ப நம்ம குரல் நம்ம காதுக்கே திரும்பி வருதுங்கய்யா. மூளை ஒரு பக்கம் வாய்க்குச் சொல்லை அனுப்புது. இன்னொரு பக்கம் காது வழியா அதைக் கேட்டுச் சரிபார்க்குது. ரெண்டும் ஒன்னோடொன்னு ஒத்துப் போனா பேச்சு தடையில்லாம வரும். இவருக்கு அந்த ஒத்துப்போற எடத்துல கொஞ்சம் நேரம் தவறுது. சரிபார்க்கற வேலை பேச்சைப் புடிச்சு நிறுத்திருது. தறிச் சத்தத்துல அவர் குரல் அவருக்கே கேக்காது. சரிபார்க்க ஒன்னுமில்ல. அதனால பேச்சு ஓடுது. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்கு ஆகுது."

நான் பிடித்துக்கொண்டேன். "அப்ப மூளைல கோளாறுதான?"

"கோளாறு இல்லீங்க. மூளை வேலை செய்யற விதம் கொஞ்சம் வேற. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. பயத்தாலயும் வந்ததில்ல, யாரும் வளத்ததாலயும் வந்ததில்ல."

"வேறங்கறதும் கோளாறுங்கறதும் ஒன்னுதானம்மா. தறி வேற மாதிரி ஓடுனா நாங்க மெக்கானிக்கக் கூப்புடுவோம்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "நீங்களே ஒரு தடவை பேசிப் பாருங்கய்யா" என்று என் தலையில் ஒரு காதுப்பெட்டியை மாட்டினாள். முன்னால் ஒரு மைக். எனக்கு மட்டும் ஏனோ சத்தத்தை முறுக்கி முறுக்கி ஏற்றினாள். "பேரு, ஊரு சொல்லுங்க" என்றாள்.

பேரும் ஊரும் சொல்வதில் என்ன இருக்கிறது? சொல்ல ஆரம்பித்தேன். நான் சொன்ன சொல் ஒரு அடி பின்தங்கி என் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது. கூட்டத்தில் பின்னால் வருகிறவன் நம் செருப்பை மிதிப்பான் பாருங்கள், அந்த மாதிரி என் குரல் என்னை மிதித்தது. "என் பேரு அங்க... அங்க... அங்க..." நாக்கு புரளவில்லை. முத்து வரவே இல்லை. சொந்தப் பேரை மறந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். காதுப்பெட்டியைப் பிடுங்கி மேசைமேல் போட்டேன்.

"உங்க குரலக் கொஞ்சம் தாமதிச்சு உங்களுக்கே அனுப்புனேன். அவ்வளவுதான். காது கொஞ்சம் தடுமாறுனா வாயும் தடுமாறிருது பாருங்க" என்றாள். மெஷினில் கோளாறு வைத்துவிட்டு எனக்குப் பாடம் நடத்துகிறாள்!

எனக்கு ஆத்திரம் அதற்காகக்கூட இல்லை. பூபதி அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நான் அங்க அங்க என்று திண்டாடியதை முழுக்கப் பார்த்தான். சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டான். சிரித்திருந்தால் அவன் மனுஷன். பதிலுக்குப் பதில் என்று நானும் விட்டிருப்பேன். என்னைப் பார்த்துப் பாவப்படுகிறான்! திக்குவாய், என்னைப் பார்த்து! அதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

அதோடு விட்டாளா? "வந்ததுதான் வந்தீங்க, உங்க காதையும் ஒரு தடவை பாத்துருவோம்" என்று ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டுமாம். உட்கார்ந்திருந்தேன். சத்தம் வந்தால்தானே தூக்குவதற்கு? ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒருமுறை வந்தது, தூக்கினேன். வெளியே வந்து, "மெஷினு ஓடலம்மா, போயி ரிப்பேர் பண்ணு" என்றேன். அவள் மேகலாவிடம் திரும்பி என்னவோ சொன்னாள். அவளும் கடைசியில் முணுமுணுக்கிறவள்தான். மேகலா என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். என் காதுக்கு ஒன்றும் இல்லை. ஊர் வாயில்தான் கோளாறு.

ஆகட்டும் என்று பெரியவர்களைக் கூட்டினேன். எங்களில் ஒரு தகராறு என்றால் நெசவாளர் சங்கத்தில் ராசலிங்கம் பெரியவர் முன்னால்தான் பேசித் தீர்ப்போம். நாள் குறித்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை. வையாபுரி ஆசைப்பட்ட அதே ஞாயிற்றுக்கிழமை. ஊரில் ஒரு தறி ஓடாது. ஓடாத நாளில்தான் அவன் சாயம் வெளுக்கும்.

ராசலிங்கம் கேட்டார்: "என்னப்பா அங்கமுத்து, மாப்பிள்ள குடிக்கறானா?"

"இல்லீங்."

"அடிக்கறானா?"

"இல்லீங்."

"வேற எவளாச்சும்?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங். பேச்சு வரமாட்டீங்குது."

"உன்ற பேச்சைக் கேக்கறதுக்கு அவனுக்குப் பேச்சு வராததே தேவலாம் போ" என்றார். கூட்டமே சிரித்தது. பெரியவர் என்று போனால் இந்த லட்சணம். நானும் விடவில்லை. எழுந்து நின்று சொன்னேன்: "வெளையாட்டில்லீங். என்னை ஏமாத்தித்தான் கட்டி வச்சாங்க. இந்த எடத்துல ஒரு சத்தம் இல்ல. பூபதி எந்திரிச்சு உங்களப் பாத்து, எதுக்கு என்ற மக இவன்கூட இருக்கோணும்னு திக்காம சொல்லட்டும். சொல்லிட்டான்னா நான் கும்புட்டுட்டுப் போயிர்றேன். இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சொல்ல முடியலீன்னா மேகலா இன்னிக்கே என்ற கூட வந்தறோணும்."

"இதென்னய்யா பள்ளிக்கூடமா?" என்று பெரியவர் தயங்கினார். ஆனால் பூபதியே எழுந்துவிட்டான். ரோஷம் இருக்கிறதாம்.

மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தச் சொன்னேன். என் வீட்டுக்காரி பெண்கள் பக்கத்திலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும். காற்றாடி சுற்றிச் சுற்றி நின்றது.

பூபதி வாயைத் திறந்தான். நான் எதிர்பார்த்ததுதான். கண்ணை மூடிக்கொண்டான், தாடை வெட்டியது, கழுத்து புடைத்தது. சட்டை நனைந்துவிட்டது. ஒரு எழுத்து வெளியே வரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் கீழே பார்த்துக்கொண்டார்கள். வையாபுரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நான் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மகளைக் கூட்டிப்போக வாசலில் ஆட்டோவைக்கூட நிறுத்தி வைத்திருந்தேன்.

அப்போது மேகலா எழுந்து வந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து நேராக வந்து அவனை ஒட்டி நின்றாள். இரண்டு பேரும் பெரியவரைப் பார்த்து நிற்கிறார்கள், எனக்கு முதுகுதான் தெரிகிறது. அவள் அவன் கையைப் பிடித்து ஒருமுறை அமுக்கினாள். பிறகு இரண்டு தலையும் ஒன்றாக அசைய ஆரம்பித்தது.

சேர்ந்து பேசுகிறார்கள். அதே சொல்லை, அதே நேரத்தில், இரண்டு வாயும். கோயிலில் பஜனை பாடுகிற மாதிரி. அவன் உடம்பில் அந்த வெட்டல் போன இடம் தெரியவில்லை. தோள் இறங்கிவிட்டது. தோளைப் பார்த்தாலே தெரிந்தது, தறிக்கூடத்தில் பார்த்த அதே ஆள். நிறுத்தாமல் பேசினார்கள். பெரியவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் சங்கச் செயலாளர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த ஈரோட்டுக்காரிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கூட ஒருவர் சேர்ந்து சொன்னால் திக்காதாம். தன் குரலோடு இன்னொரு குரலும் காதில் விழுந்தால் அந்த மூளை பிடித்து நிறுத்தாதாம். தினமும் வீட்டில் இருவரும் செய்தித்தாளைச் சேர்ந்து படிப்பார்களாம். என்ன வைத்தியம் இது? ஒருவன் பேச வேண்டியதை இருவர் பேசினால் அதற்குப் பேர் பேச்சா? பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனுக்கு எவனாவது மார்க் போடுவானா?

முடித்தார்கள். முடித்துவிட்டு மேகலா என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் தண்ணீர். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. யாரும் அசையவில்லை. என்னமோ எனக்காகக் காத்திருக்கிற மாதிரி.

நான் பெரியவரைப் பார்த்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "இதுக்கு மேலயும் நக்கலா உனக்கு? பெத்த புள்ள இத்தன பேரு முன்னால வாய்விட்டுக் கேக்குது, என்ன சொன்னாங்கங்கறயே, நீ மனுசனாடா? தீந்துது. எந்திரிச்சுப் போ" என்றார்.

என்னை 'டா' போட்டுவிட்டார். அந்த இடத்தில் நான் இன்னொரு தரம் கேட்பேனா? துண்டை உதறித் தோளில் போட்டேன். வந்துவிட்டேன். ஆட்டோக்காரன் "ஒருத்தருதானுங்களா?" என்று கேட்டான். அவன் வாயை நேராகத்தான் காட்டினான், நன்றாகவே புரிந்தது.

அதற்குப் பிறகு மேகலா வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, கோயில் நோன்புக்கு வரவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் எனக்குத் தெரியாமல் தூக்குவாளியில் குழம்பு எடுத்துக்கொண்டு அங்கே போய்வருகிறாள். ஒருநாள் கேட்டேவிட்டேன். "அன்னிக்குச் சங்கத்துல என்னதாண்டி கேட்டா உன்ற மக?"

"தெரியாதமாரி நடிக்காதீங்க" என்றாள். "ஊரே அழுதுது. புள்ள கேட்டதுக்கு ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாம் செரியாயிருக்கும். கல்லாட்டம் எந்திரிச்சுப் போனீங்க. தெரிஞ்சுக்கோணும்னா போயி அவகிட்டயே கேளுங்க."

நான் ஏன் போக வேண்டும்? என்னை ஏமாற்றியவர்கள் வரட்டும். என்ன கேட்டிருக்கப் போகிறாள்? எனக்கு எதிராகத்தான் என்னவோ சொல்லியிருப்பாள். இல்லையென்றால் கூட்டம் அப்படிப் பார்க்குமா? அதெல்லாம் கவைக்கு உதவாத பேச்சு. திக்குவாயும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து பாடிய பாட்டு.

ஆக, நான் சொல்வது இதுதான். பெண் கொடுக்க வேண்டாம். சின்னவன் நன்றாகத்தான் பேசுகிறான் என்பீர்கள். அந்த வீட்டில் நன்றாகப் பேசுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? போகிறீர்களா? அங்கேயா? இவ்வளவு சொல்லியும் போய்ப் பார்க்கத்தான் போகிறீர்கள். கரூர்க்காரர்கள் பிடிவாதக்காரர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போங்கள், எனக்கென்ன. நேராகப் போய் இரண்டாவது சந்து, பச்சைக் கேட்டு. மேகலாதான் கதவைத் திறப்பாள். மூக்கு என்னை மாதிரி இருக்கும்.

ஒரு நிமிஷம், நில்லுங்கள். காப்பி கொடுப்பாள். குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள், அன்றைக்குச் சங்கத்தில் அப்பாவிடம் என்னம்மா கேட்டாய் என்று. எனக்கு அதைத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பொழுது போகாமல்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். நீங்களாகவே கேட்பது மாதிரி கேளுங்கள். நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.